மருந்து ஆய்வில் சேரலாமா: எங்கள் வீட்டில் ஒன்பது நாள்

ஆலங்குளத்திலிருந்து:

2014இல் என் அண்ணன் முகாம் ஒன்றில் ரத்த தானம் செய்தான். சில நாளில் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பதாகச் சொன்னார்கள். 1996இல் லாரி விபத்தில் அடிபட்டபோது அவனுக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினோம். ரத்த வங்கிகளில் இந்த வைரஸுக்கான பரிசோதனை கட்டாயமானதோ 2001இல்தான். "குடிக்காத பிள்ளைக்கு ஈரலில் நோயா?" என்று ஆச்சி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அன்றைய சிகிச்சை, ரிபாவிரின் மாத்திரையும் இன்டர்ஃபெரான் ஊசியும். வாரம் ஓர் ஊசி, மாதக்கணக்கில். ஊசி போட்டால் காய்ச்சலும் நடுக்கமும் வரும் என்றார்கள். செலவு லட்சக்கணக்கில். அந்த நேரத்தில்தான் வெளியூர் மருத்துவமனை ஒன்றில், சோஃபோஸ்புவிர் என்ற புது மாத்திரையை ரிபாவிரினோடு தரும் ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். அமெரிக்காவில் 2013 டிசம்பரில் அனுமதி பெற்ற மருந்து. இங்கே அப்போது கடையில் கிடையாது.

அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொன்னார் அங்கிருந்த ஊழியர். அண்ணன் பேனாவையும் வாங்கிவிட்டான். "வீட்டில் வைத்துப் படித்துவிட்டு வருகிறோம்" என்று மதினி படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு நாங்கள் அதற்காகவே கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒன்பது நாள் அந்தப் படிவம் பீடித் தட்டுக்கு அடியில் கிடந்தது. "உன் உடம்பில் மருந்தைச் சோதிக்கவா பெற்றேன்?" என்று அம்மா அழுதாள். மதினி மட்டும் பேசவே இல்லை. ஒருநாள் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரிக்குக் கீழே நகத்தால் கீறிய தடம். சிகிச்சையின்போதும், முடிந்து ஆறு மாதம் வரையும் கருத்தரிக்கக் கூடாது. ரிபாவிரின் கருவைப் பாதிக்கும். கணவன் சாப்பிட்டாலும் இந்த எச்சரிக்கை உண்டு. அவர்கள் இரண்டாவது குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்கள்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு மறுபடி போனோம். மருத்துவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினார். மருந்தில்லாத வெறும் மாத்திரை யாருக்கும் தரப்படாது. மாத்திரை 16 வாரமா, 24 வாரமா என்பதைக் குலுக்கல் போலக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சை உண்டு. மருந்தால் பாதிப்பு வந்தால் செலவு ஆய்வை நடத்துபவர்களுடையது. குழந்தை விஷயத்தை மதினியே கேட்டாள். பழைய சிகிச்சையிலும் ரிபாவிரின் இருப்பதால் அதற்கும் இதே காத்திருப்புதான் என்றார் அவர். அதன் பிறகுதான் மதினி அண்ணனிடம் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் வைரஸ் இல்லை. 2016இல் மகள் பிறந்தாள்.

சேரன்மகாதேவியிலிருந்து:

அக்கா, 2022இல் எங்கள் அப்பாவுக்கும் இதே கேள்வி வந்தது. நாங்கள் சேரவில்லை. இந்த நோய்க்கு, 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே 12 வார மாத்திரை இலவசம். அந்த ஆய்வு அரசுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். 2009 முதல் அது கட்டாயம். இருந்தது. பிறகு மருத்துவரிடம், "அரசு மாத்திரையைவிட இதில் அப்பாவுக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கும்?" என்று கேட்டேன். "சில வாரம் குறையலாம், அவ்வளவுதான்" என்று மறைக்காமல் சொன்னார். நடவு நேரம் வேறு. ரத்தம் கொடுக்க அடிக்கடி பஸ் ஏற அப்பாவால் முடியாது. முன்பு எடுத்த சிகிச்சை பலிக்காமல் போயிருந்தால் நானே அவரைச் சேர்த்திருப்பேன்.

மாத்திரை போட்ட ஒவ்வொரு நாளும் அப்பா மாட்டுத் தொழுவச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். 84 கோடுகளும் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்க விடமாட்டேன் என்கிறார்.