காங்கயம் வெயிலுக்கு எந்த நாட்டுக் கணக்கு?

களத்துமேடு:
தேங்காய்க் களத்தில் பருப்பு காயவைக்கும் என் அத்தைக்கு, வெயில் ஒவ்வாமை என்று தோல் மருத்துவர் சன்ஸ்கிரீன் எழுதிக்கொடுத்தார். டியூபின் பின்புறம் எறும்பு வரிசை போன்ற எழுத்தில் 'பென்சோபீனோன்-3', அதாவது ஆக்சிபென்சோன், என்றிருந்தது. எத்தனை சதவீதம் என்று இல்லை. இதே பொருளை அமெரிக்கா 6 சதவீதம் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ, உடலில் பூசுவதற்கான அளவை 2022-இல் 2.2 சதவீதமாகக் குறைத்துவிட்டது. ஹவாயில் 2021 முதல் மருத்துவர் சீட்டின்றி விற்கவே தடை. நாமும் 2.2-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

நொய்யல்கரை:
ஹவாய்ச் சட்டம் பவளப்பாறைக்காக வந்தது. காங்கயத்தில் பவளப்பாறை ஏது, ஐயா? 2.2 என்பது, நாளொன்றுக்கு 18 கிராம் பூச்சை உடல் முழுவதும் பூசுகிறவரை, அதாவது கடற்கரையில் அரையாடையுடன் கிடப்பவரை, மனத்தில் வைத்து ஐரோப்பிய அறிவியல் குழு போட்ட கணக்கின் வழியே வந்தது. உங்கள் அத்தை சேலைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதானே களத்தில் இறங்குவார்? வெயில் படுவது முகம், கழுத்து, கை மட்டுமே. முகப்பூச்சுக்கும் கைப்பூச்சுக்கும் அதே ஐரோப்பிய விதி 6 சதவீதத்தை அனுமதிக்கிறது.

களத்துமேடு:
சட்டையை நான் யோசிக்கவில்லை. ஆனாலும், 2019-இல் அமெரிக்க மருந்துத் துறை ஆய்வாளர்கள் 24 பேருக்கு நாளுக்கு நான்கு முறை, நான்கு நாள் பூசிப் பார்த்தபோது, ஒரு வகைப் பூச்சில் ஆக்சிபென்சோன் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராமைத் தாண்டியது. சில நச்சுச் சோதனைகளைத் தவிர்க்கலாம் என்று அத்துறை வைத்திருக்கும் வரம்பு வெறும் 0.5. அத்தை மாசி முதல் ஆனி வரை, வியர்வையில் கரையக் கரையப் பூச வேண்டியவர்.

நொய்யல்கரை:
அந்த ஆய்வில் உடலின் 75 சதவீதப் பரப்பில் பூசினார்கள். உடலில் ஏறுவது வேறு, கெடுதல் செய்வது வேறு. சன்ஸ்கிரீனை நிறுத்துங்கள் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. அச்சமிருந்தால் துத்தநாக ஆக்சைடு இருக்கிறதே?

களத்துமேடு:
வாங்கிக் கொடுத்தேன். முகத்தில் திருநீறு பூசியதுபோல் நின்றது. களத்துப் பெண்கள் சிரித்ததால், பத்து மணிக்குள் துண்டால் துடைத்துவிட்டார். அதனால்தான் சதவீதத்தைக் கேட்கிறேன். அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் மருந்து என்பதால், வெயிலின் கதிரைத் தடுக்கும் ஒவ்வொரு வேதிப்பொருளின், அதாவது வடிகட்டியின், சதவீதமும் உறையில் இருக்கும். நம் நாட்டில் அது அழகுசாதனம். நாமும் மருந்தாக்கினால் என்ன?

நொய்யல்கரை:
அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் பாருங்கள். 1999-இல் 16 வடிகட்டிகளைப் பட்டியலிட்டார்கள்; அதன்பின் இருபது ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றுகூடச் சேரவில்லை. ஐரோப்பாவில் 10 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்ட பெமோட்ரிசினால், மூலக்கூறு பெரிதென்பதால் தோலுக்குள் எளிதில் இறங்காது, திருநீறுபோலும் நிற்காது. அத்தைக்குப் பொருந்துவது அதுவே. சதவீதம் அச்சிட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு அழகுசாதன விதியிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்.

களத்துமேடு:
சரி, மருந்து வேண்டாம். ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன கழுத்து, அந்த ஐரோப்பிய விதியில் முகத்தோடு சேருமா, 2.2 சதவீத உடலோடு சேருமா?