கடைசல் உளிக் கைப்பிடியில் பூண் கழன்று வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கிண்ணம் குடையும் உளி. தண்டு உருண்டை, 12 மி.மீ. கைப்பிடி வேம்பு, நீளம் 16 அங்குலம். பூண் (கைப்பிடி வெடிக்காமல் அதன் முனையில் மாட்டும் வளையம்) 25 மி.மீ. செம்புக் குழாய்த் துண்டு. இடம் அம்பாசமுத்திரம்.

டிசம்பர் மழையில் கடைந்தபோது பூணைச் சுத்தியலால் தட்டித்தான் ஏற்ற முடிந்தது. ஏப்ரலில் விரலால் சுற்றினாலே சுழன்றது. மே மாதம் கைப்பிடியின் துளை வாயிலிருந்து மர நரம்போடு ஒன்றரை அங்குலம் வெடிப்பு. ஆழமாகக் குடையும்போது உளி கைக்குள் திரும்பிவிடுகிறது, இது ஆபத்து.

உளியைப் பிடுங்கிப் பார்த்தேன்: அரால்டைட் பசை முழுக்க மரத்தோடு இருக்கிறது, இரும்பில் ஒட்டவே இல்லை. அதனால் தண்டை 80ஆம் நம்பர் எமரியால் சொரசொரப்பாக்கி, தின்னரால் துடைத்து, பசைக்கு இடம் விட்டுத் துளையை 12.5 மி.மீ. ஆக்கி, 75 மி.மீ. ஆழத்துக்கு இறக்கினேன். இப்போது உளி அசையவில்லை. பூண்தான் மறுபடி தளர்கிறது. சென்டர் பஞ்ச்சால் (குழி போடும் கூர்முனைக் கம்பி) பூணில் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

அடுத்த கைப்பிடியைப் பூவரசில் போடப் போகிறேன். பலகை அறுத்து நாலு மாதம்தான் ஆகிறது. முதலில் தடியாகக் கடைந்து துளையும் போட்டு, நிழலில் காயவைத்து, பிறகு பூண் ஏற்றலாம் என்றால், எத்தனை மாதம் விட வேண்டும்?