பழைய பாஸ்போட்டில் குத்திய ஐ.எல்.ஆர். (நிரந்தர வதிவிட) முத்திரை போதுமா, ஈ-விசா (இணையத்தில் உள்ள குடிவரவுப் பதிவு) எடுக்கத்தான் வேண்டுமா?

ரவி_வெம்ப்ளி
எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கிலாந்துக்கு வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு நிரந்தர வதிவிட உரிமை இன்னும் ஒரு காலாவதியான இலங்கைப் பாஸ்போட்டில் குத்திய முத்திரையாகவே இருக்கிறது. "அது சாகும்வரை செல்லும்" என்று கோயிலிலும் கலியாண வீட்டிலும் சொல்லிக்கொள்கிறார்கள். உரிமை செல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முத்திரையைக் காட்டி வேலை முடிக்கக்கூடிய இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பி.ஆர்.பி. என்ற வதிவிட அட்டைகளின் காலமும் 2024 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. இப்போது ஹோம் ஒஃபிஸின் (உள்துறை அமைச்சு) கணினிப் பதிவுதான் முதன்மைச் சான்று. முத்திரை மட்டும் வைத்திருப்பவர்கள் 'நோ டைம் லிமிட்' (தங்கக் கால வரம்பு இல்லை என்று உறுதிப்படுத்தும்) விண்ணப்பம் போட்டு ஈ-விசாவுக்கு மாறிவிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் கட்டணம் இல்லை. யாராவது ஆதாரம் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

சிவா_ஈஸ்ட்ஹாம்
தம்பி ரவி, முத்திரை வைத்திருப்பவர் மாறியே ஆக வேண்டும் என்று ஹோம் ஒஃபிஸே சொல்லவில்லை. மாறுங்கள் என்று ஊக்குவிக்கிறார்கள், அவ்வளவுதான். சட்டப்படி கொடுத்த உரிமை கொடுத்ததுதான்.

விண்ட்ரஷ் விவகாரத்தை மறந்துவிடாதீர்கள். 1973க்கு முன் கரீபியன் தீவுகளில் இருந்து வந்து, இங்கேயே உழைத்து வரி கட்டியவர்களிடம் பிற்காலத்தில் ஆதாரம் கேட்டார்கள். இல்லை என்றதும் வேலை போனது, வைத்தியம் மறுக்கப்பட்டது, சிலரை நாட்டை விட்டே அனுப்பினார்கள். 2018இல் அது வெடித்து உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். அந்த மக்கள் வந்திறங்கியபோது பதிந்த அட்டைகளை 2010இல் அழித்ததும் இதே திணைக்களம்தான். அப்படிப்பட்டவர்களின் கணினியை நம்பி, கடவுச்சொல்லே தெரியாத என் அம்மாவின் உரிமையை ஓர் இணையக் கணக்குக்குள் வைக்கச் சொல்கிறீர்கள். கையில் இருக்கும் மை முத்திரையை எந்த சேர்வரும் விழுந்து அழிக்க முடியாது.

ரவி_வெம்ப்ளி
அண்ணை, அதே விண்ட்ரஷ்தான் என் பக்கத்து வாதமும். அவர்களுக்கும் உரிமை இருந்தது, நிரூபிக்கத்தான் வழி இல்லாமல் போனது. இன்னொன்று: அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆவணம் கொடுக்க வந்த விண்ட்ரஷ் திட்டம் கரீபியன் மக்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1988 டிசம்பர் 31க்கு முன் வந்து இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் எந்த நாட்டவரும் அதில் விண்ணப்பித்து ஆவணம் பெறலாம், அதுவும் இலவசமாக. 83 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கள் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

முத்திரை எங்கே செல்லாது என்று கேட்டால், வேலையில். புதிதாக ஒருவரை எடுக்கும் முதலாளி, முத்திரை உள்ள பாஸ்போட் காலாவதியாகாமல் இருந்தால்தான் அதை ஏற்கலாம். 1990இல் எடுத்த பாஸ்போட் இன்றைக்குச் செல்லுபடியாக வாய்ப்பே இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. அலுவலகப் பிள்ளை அந்தப் பாஸ்போட்டின் பக்கங்களைப் புரட்டி, முத்திரையைப் பார்த்து, திரும்ப முதல் பக்கத்துக்குப் போய்க் காலாவதித் தேதியில் விரலை வைத்து, "இதை எடுக்க முடியாது" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது. உரிமை இல்லாதவரை வேலைக்கு வைத்ததாக முடிவானால், முதல் தடவையே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை தண்டம். 2024 பெப்ரவரியில் இருந்து இதுதான் கணக்கு. யார் துணிவார்கள்?

சிவா_ஈஸ்ட்ஹாம்
என் அம்மா இனி வேலைக்குப் போகப் போவதில்லை. ஏற்கெனவே ஒழுங்காகச் சோதித்து வேலைக்கு எடுக்கப்பட்ட ஐ.எல்.ஆர். காரரிடம் அதே முதலாளி திரும்பச் சோதிக்கத் தேவையும் இல்லை. எல்லாரையும் ஒரே பயத்துக்குள் தள்ளாதீர்கள்.

சுதா_கோவை
நான் ஸ்கில்டு வொர்க்கர் (திறன் சார்ந்த வேலைக்கான) விசாவில் இருக்கிறேன், எங்களுக்கு ஈ-விசா தவிர வேறு வழியில்லை. ஈ-விசா எடுத்துவிட்டால் நிம்மதி என்று ரவி அண்ணா சொல்வதுபோல் இருக்கிறது, அதை மட்டும் ஏற்க முடியவில்லை. எடுத்த பிறகுதான் வேலையே. புதுப் பாஸ்போர்ட் வாங்கினால் அதன் எண்ணை, ஹோம் ஆபீஸின் விசாப் பிரிவான யு.கே.வி.ஐ.யின் இணையக் கணக்கில் நாமே சேர்க்க வேண்டும். மறந்துவிட்டுச் சென்னை விமான நிலையத்தில் போய் நின்றால், கவுன்டரில் இருப்பவரின் திரையில் நம் விசா வராமல் போகலாம்.

அப்புறம், என் கணவரின் நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோது அவர் கணக்கில் பழைய முடிவுத் தேதிதான் தெரிந்தது. தேதிக்குள் விண்ணப்பித்துவிட்டால் 1971 குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவுப்படி, முடிவு வரும்வரை பழைய விசாவின் உரிமைகள் தொடரும். இது அவருடைய மேலாளருக்குத் தெரியவில்லை. நிறுவனமே ஹோம் ஆபீஸின் 'எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸ்' மூலம் கேட்டு, 6 மாதம் செல்லும் உறுதிக் கடிதம் வாங்கிய பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. ஆக, திரை சொல்வது எப்போதுமே முழு உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நளா_மிச்சம்
இடையில் ஒரு கேள்வி. என் மாமிக்கு ஐ.எல்.ஆர். முத்திரை இருக்கிறது. யாழ்ப்பாணம் போனவர் உடம்பு சரியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார், இரண்டு வருடம் தாண்டிவிட்டது. திரும்பி வரலாம்தானே?

சிவா_ஈஸ்ட்ஹாம்
பிள்ளை, அவசரப்பட்டு டிக்கெட் போடாதே. தொடர்ந்து 2 வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஐ.எல்.ஆர். தானாகவே இல்லாமல் போய்விடும். முத்திரை அப்படியே இருக்கும், கணினியில்கூட அப்படியே காட்டலாம், ஆனால் உள்ளே உரிமை இல்லை. அங்கிருந்தே 'ரிட்டேர்னிங் ரெசிடென்ட்' (திரும்பி வரும் வதிவாளர்) விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே உள்ள குடும்பம், இத்தனை வருட வாழ்க்கை, நோயினால் தங்க நேர்ந்தது, எல்லாவற்றுக்கும் ஆதாரம் சேர்க்க வேண்டும். வைத்தியசாலைக் கடிதங்களை இப்போதே எடுத்து வை.

ரவி, இதைத்தான் நானும் சொல்கிறேன். உரிமை முத்திரையிலும் இல்லை, திரையிலும் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

ரவி_வெம்ப்ளி
சரி அண்ணை, ஆனால் வாடகை வீட்டுக்காரரும் விமானக் கொம்பனியும் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. விமானக் கொம்பனி கணினிப் பதிவைப் பார்க்கும், வீட்டுக்காரர் எங்கள் 'ஷெயார் கோட்'டை (ஈ-விசாவை மற்றவர் இணையத்தில் பார்க்க நாங்கள் கொடுக்கும் குறியீடு) கேட்பார். கணக்கில் இருந்து அதை எடுக்க நிமிடங்கள்தான் ஆகும், 90 நாள் செல்லும்.

சுதா சொன்னதை முழுதாக ஏற்கிறேன். கணக்கு இருப்பவர்கள் உள்ளே போய்ப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போட் எண், எந்த வகை அனுமதி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் பெயர்களில் அப்பாவின் பெயர் முன்னும் பின்னுமாக மாறிக்கிடப்பது சாதாரணம். பிழை இருந்தால் திருத்தக் கோரும் படிவம் அரச தளத்திலேயே இருக்கிறது. இதற்குக் காசு வாங்கும் ஆட்களிடம் போகாதீர்கள். பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது 1999 குடிவரவு, புகலிடச் சட்டப்படி குற்றம்.

சிவா_ஈஸ்ட்ஹாம்
சரி, நான் ஒரு வழி சொல்கிறேன். விண்ணப்பம் போடும் முன், ஹோம் ஒஃபிஸ் தன்னிடம் என்ன வைத்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி எவரும் தன் கோப்பின் பிரதியைக் கேட்கலாம், இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். முத்திரையை அவர்கள் பதிந்திருக்கிறார்களா, தேதி சரியா என்று தெரியாமல் புது விண்ணப்பம் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ரவி_வெம்ப்ளி
அது நல்ல யோசனை, பாஸ்போட்டைத் தொலைத்தவர்களுக்கு அதுதான் முதல் படி. ஆனால் கோப்பு வந்த பிறகு அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஈ-விசா எடுத்தாலும் பழைய பாஸ்போட்டை எறியவும் கூடாது. 1983 ஜனவரி 1 முதல் இங்கே பிறந்த பிள்ளை, பிறந்த நாளன்று தாயோ தகப்பனோ ஐ.எல்.ஆர். உடன் இருந்தால் பிறப்பிலேயே பிரித்தானியப் பிரஜை (2006 ஜூலைக்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியென்றால், பெற்றோர் திருமணம் செய்திருக்க வேண்டும்). பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்கும்போது அந்த முத்திரையின் தேதியைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

சுதா_கோவை
சிவா அண்ணா, உங்கள் அம்மா குடியுரிமையே எடுத்துவிட்டால் இந்தப் பேச்சே வராதே?

சிவா_ஈஸ்ட்ஹாம்
1,500 பவுண்டுக்கு மேல் கட்டணம், சுதா. அம்மாவுக்கு 65 வயது தாண்டியதால் ஆங்கிலமும் 'லைஃப் இன் த யு.கே.' (பிரித்தானிய வாழ்க்கை பற்றிய) பரீட்சையும் இல்லை, அந்தளவில் வசதிதான். காசு சேரும்போது பார்க்கலாம். அதுவரை கோப்பைக் கேட்டு எழுதுகிறேன், ஈ-விசா விண்ணப்பம் இப்போதைக்கு இல்லை. கணினி தெரியாத முதியவர்களுக்குத் தாளில் ஒரு சான்று கொடு என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. எல்லாரும் பேசாமல் மாறிவிட்டால் அதைக் கேட்க ஆள் இருக்காது.

ரவி_வெம்ப்ளி
கேட்பதில் நானும் உங்களோடுதான். ஆனால் அம்மா அடுத்த தடவை ஊருக்குப் போக முன் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள் என்றுதான் திரும்பவும் சொல்வேன். கோப்பு வந்ததும், அதில் உள்ள தேதியும் முத்திரையில் உள்ள தேதியும் ஒன்றா என்று இங்கே எழுதுங்கள், அண்ணை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும்.