எதிர்ப்புச் சக்திக்கு ஒன்று, எடைக்கு ஒன்று: இந்தப் பெப்டைடு ஊசிகளைப் போடலாமா?

ஈரோட்டு டீச்சர்:
வணக்கம். வயது 46, எடை 88 கிலோ, மூன்று மாதச் சர்க்கரை 6.2. நான்காம் வகுப்பு எடுக்கிறேன். ஐப்பசியில் பிடிக்கிற சளி தை வரை விடாது. தங்கச்சி மகள் சொன்னாள் என்று கோயமுத்தூரில் ஒரு வெல்னஸ் கிளினிக்குக்குப் போனேன். எதிர்ப்புச் சக்திக்கு தைமோசின் ஆல்பா 1, எடைக்கு ஏஓடி 9604, மூன்று மாதத்துக்கு 72,000 ரூபாய் என்றார்கள். "மருந்தே இல்லைங்க மேடம், உடம்புல இருக்கிற பெப்டைடுதான், பக்கவிளைவே கிடையாது" என்றது அங்கிருந்த பெண். இன்சுலினும் உடம்பில் இருக்கிறதுதானே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்காமல் 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

வருவதற்கு முன் மருந்தைக் காட்டச் சொன்னேன். சுண்டுவிரல் உயரக் குப்பி, அடியில் வெள்ளைப் பொடி காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தது. லேபிளில் பெயரும் மில்லிகிராமும் மட்டும். கம்பெனி பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. கீழே பொடி எழுத்தில் "ஆராய்ச்சிக்கு மட்டும்". அன்றிலிருந்து மனசே சரியில்லை. எல்லோரும் சொல்கிற மவுஞ்சாரோ என்கிற எடை ஊசியும் பெப்டைடுதானா? எதைப் போடலாம்?

வேளச்சேரிக்காரன்:
ஆமாம் மேடம், அதுவும் பெப்டைடுதான். உள்ளே இருப்பது டிர்செபடைடு. நான் ஏழு மாதமாகப் போடுகிறேன், 108 கிலோ இப்போது 93. வாரம் ஒரு ஊசி, வயிற்றில். 2.5 மில்லிகிராமில் ஆரம்பம், நான்கு வாரம் கழித்து 5. ஊசி வலிக்கவே இல்லை. வலித்ததெல்லாம் பர்ஸ்தான், முதல் மாதமே 14,000.

மூன்றாம் வாரம் அழுகின முட்டை நாற்றத்தில் ஏப்பம் வர ஆரம்பித்தது. ஆபீஸ் லிஃப்டில் ஆள் இருந்தால் படியில் ஏறினேன், அதுவும் உடற்பயிற்சிதானே. மலச்சிக்கல் தனி. பிரியாணி அரை பிளேட்டில் கை தானாக நின்றுவிடும். யாரும் சொல்லாத ஒன்று: கொழுப்போடு தசையும் கரைகிறது. கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போதுதான் தெரிந்தது. இப்போது தினம் மூன்று முட்டை, வாரம் மூன்று நாள் ஜிம்.

மருந்தாளுநர் (ஓய்வு):
டீச்சரம்மா, அமினோ அமிலங்களைச் சரம் மாதிரிக் கோத்தால் பெப்டைடு, அவ்வளவுதான். தேனீக் கொடுக்கில் இருக்கிற விஷத்திலும் பெப்டைடு உண்டு. அந்தப் பெயரை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

எடைக்குச் சான்று இருப்பவை செமாக்ளூடைடு என்ற இன்னொரு ஊசி மருந்தும் டிர்செபடைடும். செமாக்ளூடைடு பெரிய சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. டிர்செபடைடு உயர்ந்த அளவில் 72 வாரத்தில் 20 சதவீதத்தை ஒட்டி. ஆனால் செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பிவிட்டது. வேளச்சேரி தம்பி, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். ஏஓடி 9604 வளர்ச்சி ஹார்மோனின் வால் துண்டு. ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று சோதித்து, பலன் போதவில்லை என்று 2007-லேயே கைவிட்டது. அதைத்தான் உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள்.

தைமோசின் ஆல்பா 1 போலி மருந்தல்ல. சில நாடுகளில் ஹெபடைடிஸ் பி-க்கு அனுமதி பெற்றது. ஆனால் சீனாவில் 1,100 சொச்சம் செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளே பழுதாகிற நிலை) நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2025-இல் வந்தது; இறப்பு குறையவில்லை. உங்கள் வகுப்பறைச் சளிக்கு அதைப் போட ஆதாரம் ஏதுமில்லை. மூக்கு அலர்ஜியா, ஆஸ்துமாவா என்று முதலில் பாருங்கள். வருடம் ஒரு ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள். கம்பெனி பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத குப்பியைத் தொடவே வேண்டாம்.

6.2 என்பது சர்க்கரையின் வாசல்படி. அதற்காகவாவது டாக்டரைப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய், உங்களுக்குக் கணைய அழற்சி, பித்தப்பைக் கல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஈரோட்டு டீச்சர்:
நன்றிங்க சார், நன்றி தம்பி. கிளினிக்கில் பில் கேட்டேன், "ஸ்கின் பேக்கேஜ்" என்றுதான் போடுவார்களாம். அட்வான்ஸ் திரும்பக் கிடையாது, வேண்டுமானால் ஃபேஷியல் செய்துகொள்ளலாமாம். இந்த முகத்துக்கு 5,000 ரூபாய் ஃபேஷியல்!

நேற்று இங்கே ஒரு டாக்டரைப் பார்த்தேன். சளி அலர்ஜிதான் போல, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே கொடுத்திருக்கிறார். எடை ஊசி பற்றிக் கேட்டபோது அத்தைக்கு தைராய்டு ஆபரேஷன் நடந்ததைச் சொன்னேன். என்ன கட்டி என்று தெரியாமல் எழுத மாட்டேன் என்றுவிட்டார். அந்த ஃபைல் பரணில் ஏதோ ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஏறித் தேட வேண்டும்.