அகஸ்டா கவுண்டியில் 1769-க்குப் பின் தொலைந்துபோன கெர் குடும்பம்

என் மனைவியின் தாய்வழி முன்னோரான கெர் குடும்பத்தை அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள அகஸ்டா கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பதிவுகளில் 1750-களிலிருந்து தொடர்ந்து வந்தேன். 1769-க்குப் பிறகு தடம் அறுந்துவிட்டது. கடைசியாகக் கிடைத்த நில விற்பனைப் பத்திரத்தில் கணவர் கையொப்பமிட்டிருக்கிறார், மனைவி கீறல் குறி மட்டும் இட்டிருக்கிறார். எங்கே குடிபெயர்ந்தார்கள் என்ற குறிப்பு இல்லை.

அகஸ்டாவின் உயில் புத்தகங்களையும் நீதிமன்ற ஆணைப் புத்தகங்களையும் பார்த்தாயிற்று. 1770-இல் அதன் தென்பகுதி பாட்டடாட் கவுண்டியாகப் பிரிந்ததால் அங்கும் தேடினேன். சாலைப் பணிக்கு நியமிக்கப்பட்டவர்களிடையே அதே முதற்பெயருடன் 'கார்' என்றொருவர் வருகிறார். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயரெழுதிய காலம் அது என்பதால் அவர் நம்மவராகவே இருக்கலாம். ஆனால் கார் என்பது தனிக் குடும்பப் பெயராகவும் வழங்கியதால், இந்த ஒரு வரியை நம்பிக் கிளையை இணைக்க எனக்கு மனமில்லை. பாட்டடாட்டிலிருந்து 1772-இல் பிரிந்து உருவாகி 1776 இறுதியில் கலைக்கப்பட்ட ஃபின்காஸில் கவுண்டியின் பத்திரங்களிலும் இரு பெயர்களும் இல்லை. வர்ஜீனியாவின் தனிச்சொத்து வரிப் பட்டியல்களோ 1782-இல்தான் தொடங்குகின்றன.

இந்த இடைவெளியில், அகஸ்டாவின் கெரும் பாட்டடாட்டின் காரும் ஒருவர்தானா என்பதை நிறுவ அடுத்து எந்த வகைப் பதிவைப் பார்க்க வேண்டும்?