புதுப்பிப்பு: அவுட்லுக் மேக்ரோ சில மெயில்களை விட்டுவிடுவது ஏன்?

இன்வாய்ஸ் பிடிஎஃப்-களைத் தானாகச் சேமிக்கும் மேக்ரோ (அவுட்லுக்குக்குள் ஓடும் சிறு நிரல்) சில மெயில்களைத் தவறவிடுகிறது என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. ஒரே நேரத்தில் மெயில்கள் குவிந்தால் 'ஐட்டம்ஆட்' (ஃபோல்டரில் புதிதாக ஒன்று சேரும்போது மேக்ரோவைத் தூண்டும் நிகழ்வு) இயங்காது. புது மெயில் வரும்போது தூண்டும் 'நியூமெயில்எக்ஸ்' நிகழ்வுக்கு மாற்றிய பிறகு ஒவ்வொரு மெயிலும் பிடிபடுகிறது.

அதிலும் ஓட்டை உண்டு: அவுட்லுக் மூடியிருந்தபோது வந்தவை தப்பக்கூடும். அதனால் முடிந்த மெயிலுக்கு 'சேமித்தது' என்று கேட்டகரி (அடையாளக் குறி) போட்டு, 'சேவ்' கொடுக்கிறேன் (கொடுக்காவிட்டால் கேட்டகரி நிற்காது). அவுட்லுக் திறக்கும்போது ஓடும் 'ஸ்டார்ட்அப்' நிகழ்வில், அந்தக் கேட்டகரி இல்லாத மெயில்களை மட்டும் மேக்ரோ தேடுகிறது.

மீட்டிங் அழைப்பும் உள்ளே வரும். கிளாஸ் 43 (அதாவது சாதாரண மெயில்) தானா என்று முதலில் பாருங்கள். இணைப்பைச் சேமிக்கும் 'சேவ்ஆஸ்ஃபைல்' கட்டளை கேட்காமலே பழைய கோப்பின் மேல் எழுதிவிடும். இரண்டு பேர் 'இன்வாய்ஸ்' என்றே அனுப்பினால் ஒன்று போச்சு! கோப்பின் பெயருக்கு முன்னால், மெயில் வந்த தேதியையும் நேரத்தையும் சேருங்கள்.

புதிய அவுட்லுக்கில் விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி) கிடையாது. இதெல்லாம் கிளாசிக் அவுட்லுக்கில் மட்டும்தான்.