ரிப்ஸ் வெட்ட எந்தக் கத்தி வாங்கலாம்?

செந்தூல்வாசி:
வணக்கம் மக்களே, ஸ்கூல் லீவுல தம்பி குடும்பம் ஜொகூர்லேர்ந்து வராங்க, கரி அடுப்புல பன்னி ரிப்ஸ், அதான் விலா எலும்பு, துண்டு போடாம முழு பலகையா போடலாம்னு பிளான். கையில இருக்கறது ஒரு கிவி பிராண்ட் கத்தி, ஒரு பழைய வெட்டுக்கத்தி, அவ்ளோதான். யூடியூப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் ஜப்பான் கத்திங்கறார் ஒருத்தர் 12 இஞ்ச் ஸ்லைசர், அதான் நீளமா இழுத்து வெட்டற கத்திங்கறார், தலையே சுத்துது. பச்சையில கொழுப்பு எடுக்கறதுக்கும் வெந்த பிறகு வெட்டறதுக்கும் ஒரே கத்தி போதுமா? பட்ஜெட் 150 வெள்ளி (ரிங்கிட்).

பசார்_அண்ணன்:
ரெண்டும் வேற வேற வேலை தம்பி. பச்சைக்கறிக்கு 6 இஞ்ச் போனிங் கத்தி, அதான் எலும்ப ஒட்டி கறி எடுக்கற கத்தி, முனை லேசா வளைஞ்சது, அழுத்தினா ரொம்ப வளையாம கொஞ்சமா மட்டும் வளையறது வாங்குங்க. அலகு அகலம் கம்மியா இருக்கணும், அப்பதான் எலும்ப ஒட்டி திருப்ப முடியும். பிடி மரமா இல்லாம சொரசொரப்பான பிளாஸ்டிக்கா இருந்தா நல்லது, கொழுப்பு பட்டா கை வழுக்கும் பாருங்க. விக்டோரினாக்ஸ் பிராண்டுல பிடி அப்படித்தான் வருது, உங்க பட்ஜெட்டுக்குள்ளயே பாக்கலாம்.

செயின்ட் லூயிஸ் கட் மாதிரி, அதான் ஓரம் எடுத்து நீள்சதுரமா, நீட்டா வேணும்னா நெஞ்செலும்பு பக்கத்த எடுக்கணும். அங்க கொத்தவே கூடாது. பலகைய கையில புடிச்சு லேசா மடக்கிப் பாருங்க, எலும்பு முடிஞ்சு குருத்தெலும்பு ஆரம்பிக்கற இடம் மடங்கும், விரல் வெச்சாலே தெரியும். அந்தக் கோட்டுல கத்திமுனைய விட்டு இழுத்துக்கிட்டே போனா வந்துடும், எலும்புல கத்தி இடிச்சா கோடு தப்பிடுச்சுன்னு அர்த்தம்.

உள்பக்க ஜவ்வுக்கு கத்தியே வேணாம்லா. ஸ்பூன் காம்ப நடு எலும்பு மேல விட்டு நெம்புங்க, ஓரம் கிளம்பினதும் டிஷ்யூ வெச்சு புடிச்சு இழுங்க, பெரும்பாலும் ஒரே இழுப்புல வரும். வெறும் கையில புடிச்சா வழுக்கிக்கிட்டே போகும்.

கிவி_ரசிகன்:
எதுக்கு இவ்ளோ செலவு? தாய்லாந்து கிவி கத்தி போதும், எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அதான்.

பசார்_அண்ணன்:
காய்க்கு, கோழிக்கு சரி தம்பி. ஆனா தகடு மெலிசு, எலும்புல படப்பட கூர் மடிஞ்சுடும். வெந்ததை வெட்ட அதையே வெச்சுக்கலாம், நான் வேணாம்னு சொல்லல. வெட்டுக்கத்திய மட்டும் ரிப்ஸ் பக்கம் கொண்டு வராதீங்க, எலும்புத் துணுக்கு கறியில ஏறிடும், சின்னப் புள்ளைங்க சாப்பிடுதுங்கன்னா இன்னும் ஜாக்கிரதை.

பினாங்கு_அக்கா:
அந்த 12 இஞ்ச் ஸ்லைசர் பிரிஸ்கெட்டுக்கு, அதான் பெரிய மாட்டு நெஞ்சுக்கறிக்கு, ரிப்ஸுக்கு தேவையில்ல. எட்டு இல்லன்னா பத்து இஞ்ச் போதும். அடுப்புலேர்ந்து எடுத்ததும் வெட்டாதீங்க, கால் மணி நேரமாவது விடுங்க. அப்புறம் எலும்புப் பக்கம் மேல தெரியற மாதிரி கவுத்துப் போடுங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா எலும்பு நேரா போகாது, ஒரு பக்கம் சாயும், கறிப் பக்கத்துலேர்ந்து பாத்தா அது தெரியாது, நீங்க நடுவுலன்னு நெனச்சு வெட்டினா எலும்புலதான் போய் நிக்கும். ரெண்டு எலும்புக்கும் நடுவுல வெச்சு நீளமா ஒரே இழுப்பு. ரொட்டிக் கத்தியால ரம்பம் மாதிரி அறுத்தா மேல கருப்பா மொறுமொறுன்னு வந்த மசாலா எல்லாம் உதிர்ந்துடும்.

ஜப்பான் கத்தி பத்தி: இரும்பு கெட்டி, ராக்வெல்ங்கற கெட்டித்தன்மை அளவுல 60க்கு மேல போறது நெறைய இருக்கு, எலும்புல பட்டா விளிம்பு பொட்டுன்னு உடையும். விக்டோரினாக்ஸ் 56 பக்கம், மடியும், ஆனா சுலபமா உடையாது, இரும்புக் கோல்ல நாலு தடவ தேச்சா நிமிர்ந்துடும். கார்பன் ஸ்டீல் வேணவே வேணாம், நம்ம ஊரு ஈரத்துக்கு ராத்திரி சிங்க்ல போட்டா காலையில துரு. மிச்ச காசுல 1000 கிரிட் (சொரசொரப்பு அளவு) சாணைக்கல் ஒண்ணு வாங்கிடுங்க.

செந்தூல்வாசி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. போனிங் கத்தியும் கல்லும் வாங்கறேன், வெட்டறதுக்கு கிவியே ஓடட்டும். முழு பலகை எங்க கெடைக்கும்? எங்க பக்கம் எல்லாம் துண்டு போட்டுதான் தராங்க.

பசார்_அண்ணன்:
கேஎல்ல இருக்கற புடு பசாருக்கு (மார்க்கெட்) காலையிலயே போங்க. ஆர்டர் சொல்லும்போதே "ஜாங்ஙான் போத்தோங்"னு (மலாய்ல 'வெட்டாதீங்க') சொல்லிடுங்க, இல்லன்னா வாய மூடறதுக்குள்ள கொத்திப் பையில போட்டுடுவாங்க. வெட்டி எடுத்த குருத்தெலும்பு துண்ட தூக்கிப் போடாதீங்க, மிளகு தூக்கலா போட்டு ஒரு பெரட்டல் வைங்க.